தியானத்திற்குத் துணைநின்ற அடையாளங்கள்

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த கதை, பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசை, கன்னியர் மடத்தின் தொண்டு, நன்கொடையாளர் பட்டியல் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை மற்றவர்கள் நம்மைவிட நன்றாக எழுதுவார்கள். நாம் எடுத்துக்கொண்டிருப்பது சிறிய பொருள். அது ஆலயத்தைவிட நம் வீடுகளில்தான் அதிகம் காணக்கிடைப்பது.

எந்தக் கத்தோலிக்க வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம் இருக்கும். அதன் பின்னால் சென்ற குருத்து ஞாயிறன்று மடித்த ஓலைச் சிலுவை காய்ந்து செருகியிருக்கும். பாட்டியின் தலையணைக்கடியில் மணிகள் தேய்ந்த செபமாலை ஒன்று கிடக்கும். அந்தச் செபமாலை அறுந்து போய், பேரன் வெளியூரிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்து கொடுத்தாலும், பாட்டி பழையதையே நூல் கட்டி உருட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். இது பிடிவாதமா, பக்தியா? செபிக்க உட்கார்ந்தால் மனம் மேய்ச்சல் கண்ட மாடு போல ஓடுகிறது. அதைக் கட்டி வைக்க ஒரு முளை வேண்டியிருக்கிறது. அந்த முளையை அவரவர் தமக்கென்று தேர்ந்துகொள்கின்றனர்.

"இதெல்லாம் விக்கிரகம் அல்லவா?" என்று நம் பிரிந்த சகோதரர்கள் கேட்பதுண்டு. நம்மவரிலேயே படித்த இளைஞர் சிலரும் கேட்கின்றனர். கேட்கட்டும், இக்கேள்வியைத் திருச்சபையும் தன் மக்களைப் பார்த்துப் பலமுறை கேட்டிருக்கிறது. ஒரு புனிதரை இதற்காகவே உரோமைக்கு அழைத்து விசாரித்தும் இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகருக்குச் செல்வோம். கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டி அங்கே கிளமெந்து என்னும் பெரும் மறைநூல் அறிஞர் புதுக் கிறிஸ்தவர்களுக்குப் போதித்து வந்தார். எப்படி உண்பது, எப்படி உடுப்பது, எப்படிச் சிரிப்பது என்று அன்றாட வாழ்வின் சிறு காரியங்களுக்கெல்லாம் அவர் ஒரு நூலில் அறிவுரை எழுதினார். அதில் மோதிரத்தைப் பற்றியும் பேசுகிறார். அந்நாளில் முத்திரை மோதிரம் வெறும் ஆடம்பரப் பொருள் அன்று. வீட்டுப் பண்டங்களைக் காப்பதற்கும் கடிதத்தை உறுதிப்படுத்துவதற்கும் அது தேவைப்பட்டது. பூட்டும் கையெழுத்தும் அதுவே என்று சொல்லலாம். ஆனால் கடையில் கிடைத்த மோதிரங்களில் எல்லாம் கிரேக்கத் தெய்வங்களின் முகங்கள்! கிறிஸ்தவன் எதை வாங்குவது?

கிளமெந்து மோதிரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம் ஆகிய குறிகளைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். மீன் பிடிப்பவனின் உருவம் இருந்தால் அப்போஸ்தலரையும், ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட பிள்ளைகளையும் அது நினைப்பூட்டும் என்றார். தெய்வ முகங்கள் கூடாது. சமாதானத்தை நாடுபவனுக்கு வாளும் வில்லும் ஆகா. மட்டாகக் குடிப்பவனுக்கு மதுக் கிண்ணம் ஆகாது. அவர் கூறிய நல்ல குறிகளுள் பல கடைத்தெருவில் முன்பே விற்கப்பட்டவை. யாழும் நங்கூரமும் பழைய கிரேக்க மன்னர்கள் அணிந்தவை என்று அவரே குறிப்பிடுகிறார். புதிதாக ஒன்றைச் செதுக்கச் சொல்லாமல், கையில் கிடைத்ததையே வேறு கண்ணால் பார்க்கச் சொன்ன இந்த நிதானம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவருடைய பட்டியலில் சிலுவை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அக்காலத்தில் சிலுவை இன்னும் கொலைக் கருவியாகவே வழக்கில் இருந்தது. உரோமை நகரின் பிரிசில்லா, தொமித்தில்லா சுரங்கக் கல்லறைகளில் மீனும் நங்கூரமும்தான் அதிகமாகக் கீறப்பட்டுள்ளன. மீனுக்குக் கிரேக்க மொழியில் 'இக்துஸ்' என்று பெயர். அச்சொல்லின் ஐந்து எழுத்துக்களையும் பிரித்தால், இயேசு, கிறிஸ்து, இறைவனின், மகன், மீட்பர் என்னும் ஐந்து சொற்களுக்கு அவை முதலெழுத்துக்களாக அமையும். நங்கூரம் எபிரேயர் நிருபத்தில் நம்பிக்கைக்கு உவமையாக வருவது. அதன் குறுக்குக் கட்டையைப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு சிலுவையும் தெரியும்.

ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி அசிசி நகருக்கு வருவோம். 1215-இல் நடந்த நான்காம் இலாத்தரன் சங்கத்தில் மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசர், நெற்றியில் 'தௌ' என்னும் அடையாளம் இடப்பட்டவர்கள் காக்கப்பட்டதாக எசேக்கியேல் தீர்க்கதரிசி கூறுவதை எடுத்துப் பிரசங்கித்தார். 'தௌ' எபிரேய நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. பழைய வடிவில் அதைச் சிலுவையாகவே எழுதினார்கள். புனித பிரான்சிஸ் அசிசியார் இந்த எழுத்தைத் தம் சொந்த அடையாளமாக்கிக்கொண்டார். கடிதங்களில் கையொப்பமாக இட்டார். தாம் தங்கிய அறைகளின் சுவரிலும் வரைந்தார்.

1224-இல் லா வெர்னா மலையில் அவர் ஐந்து காய வரம் பெற்ற நாட்களில், உடனிருந்த சகோதரர் லியோ யாரிடமும் சொல்ல முடியாத ஒரு மனச்சோதனையில் வாடினார். தம் குரு கைப்பட ஏதேனும் எழுதித் தந்தால் தேவலை என்று ஏங்கினார். பிரான்சிஸ் ஒரு சிறு தோல் துண்டை எடுத்து, ஒருபுறம் இறைபுகழும் மறுபுறம் ஆசீரும் எழுதி, ஆசீரோடு பெரிதாகத் 'தௌ' குறியை வரைந்து கொடுத்தார். லியோ அதை மடித்துத் தம்மோடு வைத்துக்கொண்டார், இறுதிவரை பிரியவில்லை. அசிசிப் பேராலயத்தில் இன்றும் அந்தத் தோல் துண்டு இருக்கிறது. மடித்த தடங்கள் அதில் தெரிகின்றன. இது எப்படித் தமக்குக் கிடைத்தது என்று லியோ சிவப்பு மையில் எழுதி வைத்த குறிப்பும் அதிலேயே உள்ளது. ஓர் எழுத்து. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதரை அது தாங்கியிருக்கிறது.

அதே பிரான்சிஸ்கன் சபையில் தோன்றியவர்தாம் விசாரணைக்கு ஆளான நம் புனிதர், சியன்னா பெர்னர்தீன். 1380-இல் பிறந்தவர், சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். 1400-இல் சியன்னா நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, இருபது வயது இளைஞரான அவர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1402-இல் துறவியானார். பின்னர் இத்தாலி நாடெங்கும் கால்நடையாகச் சென்று பிரசங்கித்தார். கோவில்களில் கூட்டம் கொள்ளாததால் சந்தைத் திடல்களில் மேடை போட்டார்கள். 1427-இல் சியன்னாவில் அவர் ஆற்றிய பிரசங்கங்களை ஒரு துணித் தொழிலாளி மெழுகுப் பலகையில் சுருக்கெழுத்தாகக் குறித்து, பிறகு வீட்டில் உட்கார்ந்து முழுவதும் எழுதி வைத்தார். அதனால் அவர் பேசிய பேச்சு, இடையில் தூங்கியவர்களை அதட்டியது உட்பட, இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அந்தத் தொழிலாளியின் பக்தியை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்நாளைய இத்தாலிய நகரங்களின் சாபம் கட்சிப்பகை. குடும்பத்துக்குக் குடும்பம், தெருவுக்குத் தெரு ஒரு கட்சி. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம். அதை வாசலின் மேல் செதுக்கி வைத்தார்கள், சட்டையில் தைத்துக்கொண்டார்கள். இன்னாருடைய சின்னம் இந்த வீட்டில் இருக்கிறது என்பதற்காகவே இரத்தம் சிந்தியது. பெர்னர்தீன் இதைப் பார்த்தார். சின்னங்களை எடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் வாசல் வெறுமையாக இருந்திருக்கும்; பத்து நாளில் பழைய சின்னமே திரும்ப ஏறியிருக்கும். அவர் அந்த இடத்தில் வைக்க வேறொன்றைக் கொடுத்தார். நீலப் பின்னணியில் பொன்னிறச் சூரியன், சூரியனுக்குப் பன்னிரண்டு பெருங்கதிர்கள், நடுவில் இயேசுவின் திருநாமத்தைக் குறிக்கும் 'ஐ.எச்.எஸ்.' என்னும் மூன்று எழுத்துக்கள். இதை ஒரு பலகையில் தீட்டி, பிரசங்க முடிவில் உயர்த்திக் காட்டுவார். மக்கள் முழந்தாளிட்டுக் கண்ணீர் விடுவார்கள். அதன்பின் பகைவர் பலர் சமாதானமாகி, தம் வாசலில் கட்சிச் சின்னம் இருந்த இடத்தில் திருநாமத்தைப் பதித்துக்கொண்டனர். சியன்னா நகர மண்டபத்தின் முகப்பில் மிகப்பெரிய திருநாம வட்டம் ஒன்றை இன்றும் காணலாம்.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம். நம் பீடங்களிலும் அப்பத்திலும் காணும் இந்த மூன்று எழுத்துக்களுக்கு, 'மனுக்குல மீட்பராம் இயேசு' என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துக்கள் என்று ஞானோபதேச வகுப்பில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அது அழகான விளக்கம்தான், ஆனால் பிற்காலத்தது. உண்மையில் அவை கிரேக்க மொழியில் இயேசு என்னும் பெயரின் முதல் மூன்று எழுத்துக்கள்.

பொலோஞ்ஞா நகரில் சூதாட்டத்தைக் கண்டித்து அவர் பேசியதும், மக்கள் சீட்டுக்கட்டுகளைக் கொண்டுவந்து தீயில் போட்டனர். சீட்டுக்குப் படம் தீட்டிப் பிழைத்த ஓர் ஓவியன், தன் வயிற்றில் அடித்துவிட்டதாக அழுதுகொண்டு வந்து நின்றானாம். பெர்னர்தீன் அவனிடம் திருநாமச் சூரியனை வரைந்து காட்டி, இனி இதைத் தீட்டி விற்குமாறு சொன்னாராம். அவன் முன்னைவிட நன்றாகப் பிழைத்தான் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. நமக்கு இக்கதையில் மகிழ்ச்சியும் உண்டு, சிறிது கலக்கமும் உண்டு. சூதாடியின் கையில் சீட்டு இருந்த இடத்துக்கே திருநாமப் படம் வந்துவிட்டால், அதையும் அவன் அதிர்ஷ்டத்துக்காகவே வைத்துக்கொள்ள மாட்டான் என்பதற்கு என்ன உறுதி?

இதே கலக்கம்தான் அக்காலத்துத் துறவியர் சிலருக்கும் அறிஞர் சிலருக்கும் எழுந்தது. மரப்பலகையையும் மையெழுத்தையும் மக்கள் வணங்குகின்றனர், மந்திரத் தகடு போல் பயன்படுத்துகின்றனர், இது புது மார்க்கம் என்று குற்றம் சாட்டினர். 1426-27 காலத்தில் ஐந்தாம் மார்ட்டின் பாப்பரசர் பெர்னர்தீனை உரோமைக்கு அழைத்தார். குற்றச்சாட்டு சாதாரணமானதன்று, நிரூபணமானால் பேதகம் என்று தீர்ப்பாகும். பேதகத்துக்கு அந்நாளில் என்ன தண்டனை என்பது வாசகர்களுக்குத் தெரியும். பெர்னர்தீன் எதிர்த்துப் பேசாமல் சென்று நின்றார். அவருக்கு ஆதரவாகப் புனித கபிஸ்திரான் அருளப்பர் வாதாடினார். ஆராய்ந்து பார்த்த பாப்பரசர் அவரிடம் குற்றமில்லை என்று விடுவித்தார். திருநாம வணக்கம் தகும் என்றார். ஆனால் அந்த எழுத்துக்களோடு சிலுவையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். இன்று நாம் காணும் திருநாம அடையாளத்தில் நடு எழுத்தின் மேல் சிலுவை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விசாரணைக்குப் பின் பெர்னர்தீனை உரோமையிலேயே எண்பது நாட்கள் பிரசங்கிக்கச் செய்தார்கள். பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. அடுத்த பாப்பரசர் காலத்திலும் அதே வழக்கு மீண்டும் எழுந்து மீண்டும் தள்ளுபடியாயிற்று. அவர் 1444-இல் இறந்தார். 1450-இலேயே புனிதர் பட்டம் பெற்றார்.

அந்த நிபந்தனையை நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. குற்றம் சாட்டியவர்கள் தோற்றார்கள் என்றே எழுதுவது வழக்கம். ஆனால் அவர்கள் கேட்டிராவிட்டால் சிலுவை அங்கே ஏறியிருக்குமா? புனித இஞ்ஞாசியார் 1541-இல் யேசு சபையின் தலைவரானபோது தம் முத்திரைக்கு இந்தத் திருநாமத்தையே எடுத்துக்கொண்டார். அச்சபைக் குருக்கள் மூலமாகவே அது தமிழகத்துக் கோவில் முகப்புகளுக்கும் பீடங்களுக்கும் வந்து சேர்ந்தது. 2013-இல் திருத்தந்தையான பிரான்சிஸ் அவர்களின் விருதுச் சின்னத்திலும் அதே சூரியனும் எழுத்தும் சிலுவையும் இடம்பெற்றன.

பெர்னர்தீன் ஊரெல்லாம் காட்டிய அடையாளத்துக்கு நேர் மாறாக, ஒரே ஒரு மனிதர் தமக்காக மட்டும் வைத்திருந்த அடையாளம் ஒன்றுண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில் சாக்சல்ன் பங்கைச் சேர்ந்த ஃப்ளூ நிக்கோலாஸ் 1417-இல் பிறந்தவர். விவசாயி, போர்வீரராக இருந்தவர், ஊர் நீதிபதி. மனைவி தொரொத்தேயா, பத்துப் பிள்ளைகள். நல்ல வாழ்வு. ஆனால் நடுவயதில் கடும் மனச்சோர்வு அவரைப் பிடித்தது. வீட்டார் முகம் பார்க்கவும் பிடிக்கவில்லை. அப்போது நண்பரான ஒரு குருவானவர், ஹைமோ அம் குருந்த் என்பவர், ஆண்டவருடைய திருப்பாடுகளைக் கட்டளைச் செபத்தின் ஏழு வேளைகளுக்கு ஏற்பப் பிரித்துத் தியானிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அது அவரை நிறுத்தியது. 1467 அக்டோபர் 16-ஆம் நாள், மனைவியின் சம்மதத்தோடு நிக்கோலாஸ் வீட்டைத் துறந்து புறப்பட்டார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு நெஞ்சு கனக்கும்; நமக்கும் கனக்கிறது. தொரொத்தேயா சொன்ன சம்மதம் நிக்கோலாஸின் துறவுக்குக் குறைந்தது அன்று என்பதே நம் எண்ணம். தூர தேசம் போகப் புறப்பட்டவர் திரும்பி வந்து, தம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரான்ஃப்ட் என்னும் பள்ளத்தாக்கில் குடிசை போட்டுத் தங்கினார். இருபது ஆண்டுகள் அங்கேயே தவம் செய்து 1487 மார்ச் 21-ஆம் நாள் இறந்தார்.

நிக்கோலாஸுக்கு எழுத்தறிவு இல்லை. அவரைத் தேடி வந்த யாத்திரிகர் ஒருவரிடம், தாம் படிக்கும் புத்தகம் என்று சொல்லி அவர் ஒரு படத்தைக் காட்டினாராம். அந்த யாத்திரிகர் எழுதிய சிறு நூல் அச்சாகி நமக்கு எட்டியிருக்கிறது. படம் வேறொன்றுமில்லை, ஒரு வண்டிச் சக்கரம். நடுவில் ஒரு சிறு வட்டம், வெளியே ஒரு பெரிய வட்டம், இடையே ஆறு ஆரக்கால்கள். ஆரக்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மூன்றின் கூர்முனை உள்ளே நோக்குகிறது. மூன்றின் கூர்முனை வெளியே நோக்குகிறது. நடுவட்டம் பிரிக்க முடியாத கடவுள். அவரிடமிருந்து புறப்பட்டு உலகுக்கு வருவனவும் அவரிடமே திரும்புவனவும் ஆரக்கால்கள். உழவர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் பார்த்த பொருளிலிருந்து திரித்துவத்தைத் தியானிக்கக் கண்டுகொண்ட வழி இது.

இச்சக்கரத்தின் அமைப்பிலேயே தீட்டிய ஓவியம் ஒன்று சாக்சல்ன் பங்குக் கோவிலில் உள்ளது. நடுவில் முடிசூடிய ஆண்டவரின் திருமுகம். சுற்றிலும் ஆறு வட்டங்கள்: சிருஷ்டிப்பு, மங்கள வார்த்தை, இயேசு பிறப்பு, அவர் பிடிபடுதல், சிலுவைச் சாவு, திருப்பலி. இதுவரை எந்தக் கோவிலிலும் காண்பதே. ஆனால் ஒவ்வொரு வட்டத்தின் மூலையிலும் ஒரு சாதாரணப் பொருள் கிடக்கிறது. ஒன்றில் நொண்டிகள் ஊன்றும் கட்டைகள், ஒன்றில் வழிப்போக்கனின் தடியும் பையும், ஒன்றில் உணவு, ஒன்றில் சங்கிலி, ஒன்றில் துணி, ஒன்றில் சவப்பெட்டி. நோயாளியைச் சந்தித்தல், அந்நியனை ஏற்றல், பசித்தவனுக்கு உணவளித்தல், சிறைப்பட்டவனைக் காணல், ஆடையற்றவனுக்கு உடுத்துதல், இறந்தவனை அடக்குதல் ஆகிய இரக்கச் செயல்களே இவை. மறைபொருளைத் தியானித்துக்கொண்டிருக்கும் கண், தடுக்கி விழுவதுபோல் ஒரு கட்டையின் மேலோ ஒரு துணியின் மேலோ போய் விழுகிறது.

இது வெறும் படமாகவே நின்றுவிடவில்லை. 1481 டிசம்பரில் சுவிஸ் நாட்டு மாவட்டங்களின் பிரதிநிதிகள் ஸ்டான்ஸ் என்னும் ஊரில் கூடினர். நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் இடையே பகை முற்றி, பேச்சு முறிந்து, உள்நாட்டுப் போர் தொடங்கும் தறுவாய். அவ்வூர்ப் பங்குக் குரு அன்றிரவே ரான்ஃப்டுக்கு ஓடினார். அவர் வேறு யாருமல்லர், நிக்கோலாஸுக்குத் தியானம் கற்றுத்தந்த அதே ஹைமோ குருவானவர்தாம். விடிந்ததும் வியர்வை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, பிரதிநிதிகளின் விடுதிகளுக்குச் சென்று, கண்ணீரோடு மன்றாடி அவர்களை மீண்டும் கூட்டினார். நிக்கோலாஸ் சொல்லியனுப்பிய ஆலோசனையை அவர்களிடம் இரகசியமாகக் கூறினார். டிசம்பர் 22-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, போர் நின்றது. எழுதப்படிக்கத் தெரியாத தவசியின் சொல்லுக்கு அத்தனை பேர் கட்டுப்பட்டனர். 1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

நிக்கோலாஸ் புத்தகம் படிக்கத் தெரியாதவர். அவிலாப் புனித தெரேசம்மாளோ புத்தகமின்றிச் செபிக்க முடியாதவர்! பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் நூல் இல்லாமல் தாம் செபத்தில் உட்காரத் துணிந்ததில்லை என்று அவரே எழுதுகிறார். கற்பனை செய்து பார்க்கும் திறன் தமக்கு மிகக் குறைவு என்றும், அதனால்தான் படங்களை விரும்பியதாகவும், வயலையும் தண்ணீரையும் பூக்களையும் பார்த்தால் புத்தகம் போலவே அவை மனதைக் கூட்டிச் சேர்த்ததாகவும் சொல்கிறார். 1559-இல் ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றம், தாய்மொழியில் இருந்த பக்தி நூல்கள் பலவற்றைத் தடை செய்தது. இலத்தீன் தெரியாத தெரேசம்மாளின் கையிலிருந்து அவருடைய நூல்கள் போயின. இழப்பு பெரிதுதான். ஆனால் இயேசுவே தமக்கு உயிருள்ள புத்தகமாய் வந்தார் என்று அவர் பின்னாளில் எழுதினார்.

1560-களில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது, செபத்தின் படிகளை விளக்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. நம் ஊர் விவசாயி எவரும் உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை எடுத்தார்: தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. ஆன்மா ஒரு தோட்டம். மண் நல்ல மண் அன்று. களை மண்டிக் கிடக்கிறது. களையைப் பிடுங்கி நல்ல செடிகளை ஆண்டவர் நட்டுவிட்டார். தண்ணீர் ஊற்றுவது நம் வேலை. அதற்கு நான்கு வழிகள். முதல் வழி, கிணற்றிலிருந்து வாளியால் இறைத்து ஊற்றுவது. உடம்பு ஒடியும், நனைவதோ கொஞ்சம். இரண்டாவது, நீர்ச் சக்கரம் வைத்து இறைப்பது. பாடு குறைவு, தண்ணீர் அதிகம். நாம் ஏற்றத்திலிருந்து கமலைக்கு மாறியது போல என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஆற்றுநீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவது. மண் ஆழமாக நனையும், மடை திருப்பும் வேலைதான். நான்காவது மழை. அதில் தோட்டக்காரன் கை எதுவுமில்லை.

மழையைப் பற்றி அவர் எழுதியதை வியந்து பேசுவோர் பலர். நமக்கோ முதல் வழியைப் பற்றி எழுதியிருப்பதே நெஞ்சில் நிற்கிறது. வாளியை இறக்கினால் கிணறு வறண்டு கிடக்கிறது. நாள் கணக்காக, ஆண்டுக் கணக்காகவும் அப்படி இருக்கலாம். கையைத் தூக்கவும் மனமில்லை. அப்போது தோட்டக்காரன் என்ன செய்ய வேண்டும்? தோட்டத்தை விட்டுப் போகாமல் அங்கேயே நிற்க வேண்டும். தன் பாட்டைச் சிலுவை சுமந்தவரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் இல்லாமலே செடிகளைக் காக்க ஆண்டவருக்குத் தெரியும் என்கிறார். கோடையில் கிணற்றடியில் நின்று அடிக்கல் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

செபத்தில் உயர்ந்தவர்கள் இயேசுவின் மனுஷீகத்தைக்கூடத் தாண்டி, உருவமற்ற தியானத்துக்குப் போக வேண்டும் என்று அக்காலத்தில் சிலர் போதித்தனர். தெரேசம்மாளும் சில காலம் அதை நம்பினார். பிறகு அதைப் பெரும் பிழை என்று கண்டு, ஓர் அதிகாரம் முழுவதும் மறுத்து எழுதினார். நாம் சம்மனசுகள் அல்லர், நமக்கு உடல் உண்டு என்பது அவருடைய வாதம். 1970-இல் ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் வேதபாரகராக அறிவித்தார். பெண் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

அவருடைய உடனுழைப்பாளரான புனித சிலுவை அருளப்பர் இவ்விஷயத்தில் கடுமையானவர் என்று பெயர் பெற்றவர். 'கார்மேல் மலை ஏற்றம்' என்னும் நூலில், சுரூபத்துக்குச் சுரூபம் மாற்றி அழகு பார்ப்பவர்களையும், இந்த நிறச் செபமாலை வேண்டும், அந்த உலோகத்தில் வேண்டும் என்று தேடித் திரிபவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எந்தச் செபமாலையில் சொன்னாலும் கடவுள் ஒன்றுபோலவே கேட்கிறார் என்பது அவர் கட்சி. (ஜூபிலி நினைவுப் பொருள் எந்தக் கம்பெனியில் செய்வது என்று கூட்டம் கூட்டமாகப் பேசிய நமக்கும் இது பொருந்தும்.) ஆனால் அவரே சித்திரம் வரைபவர். 1574-க்கும் 1577-க்கும் இடையில் அவிலாவில் தம் தியானத்தில் கண்ட பாடுபட்ட ஆண்டவரை, மேலிருந்து பார்ப்பதுபோல, உள்ளங்கை அளவில் ஒரு தாளில் மையால் வரைந்தார். அது இன்றும் அங்குள்ள மடத்தில் காக்கப்படுகிறது.

அதே நூலில் அதே இடத்தில் அவர் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. ஒருவர், மந்திரித்த குருத்தோலையில் முரட்டுத்தனமாகச் செய்து, ஊசி ஒன்றை வளைத்துக் கட்டிய சிலுவையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தம்மோடு வைத்துச் செபித்து வந்தார். அவர் அறிவு குறைந்தவரும் அல்லர். இன்னொருவரின் செபமாலை மீன் முள்ளெலும்பில் கோத்தது. அதனால் அவர்கள் பக்தி கடவுள் முன்னிலையில் சிறிதும் மதிப்புக் குறைந்ததன்று என்கிறார். ஓலைச் சிலுவைக்காரர் அதை யாருக்கும் கொடுக்க மறுத்தாராம். கடைசியில் தாமே அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக அருளப்பர் எழுதுகிறார். எடுத்தபின் அதை என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

நம் பங்கிலும் விபூதிப் புதனுக்கு முன்னால் சென்ற ஆண்டுக் குருத்தோலைகளைக் கோவிலில் கொண்டுவந்து கொடுக்கும்படி பூசையில் அறிவிப்பார்கள். ஓலைகள் கூடையில் நிறைந்துவிடும். எரித்தால் ஒரு கிண்ணச் சாம்பல்தான் தேறும். அதுவே நம் நெற்றிக்கு வருகிறது. சில வீடுகளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, சுரூபத்தின் பின்னால் இருக்கும் அந்த ஒரு சிலுவையை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். எந்த ஆண்டு ஓலை என்று கேட்டால் சொல்வார்கள். ஏன் கொடுக்கவில்லை என்று நாம் கேட்டதில்லை.